ஒரிசாவுக்குப் படகு போன மழைக்காலம்

12-10-99, செவ்வாய்

கல்பாக்கம் டவுன்ஷிப் போய் அனுவைப் பார்த்துவிட்டு வந்தேன். லேசாகக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடம் போகவில்லை. கட்டுரையில் வகுப்பிலேயே முதல் மார்க் என்று நோட்டைக் காட்டினாள். இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு மையில் டீச்சர் போட்ட கையெழுத்து பெரிதாக இருந்தது. அஞ்சாங்கிளாஸோடு நின்ற எனக்கு இப்படி ஒரு பேத்தி.

கிளம்பும்போது கேட்டுவிட்டாள். "ஆயா, எங்க வீட்ல மட்டும் ஏன் தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கற? பையில பாட்டில் வெச்சுக்கிட்டு வர்ற."

பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன சொல்வது. மருந்துத் தண்ணீர் என்று பொய் சொன்னேன்.

என் மகள் ஷீலா, ஜெபகுமாரைச் செங்கல்பட்டு சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்ட வருஷம் எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்து முடிவு சொன்னது. அவள் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. அவள் கையால் ஊரில் யாரும் சோறு தண்ணீர் வாங்கக் கூடாது. வாங்கினால் அந்த வீட்டுப் படகு கடலில் இறங்காது. என் மகன் சிங்காரத்துக்கு இருப்பது ஒரே படகு. அதனால்தான் பாட்டில்.

கங்கையம்மன் கோயில் வாசலில் விழுந்து கும்பிட்டு அபராதம் கட்டினால் சேர்த்துக்கொள்வார்களாம். ஷீலா முடியாது என்றாள். நானும் விழு என்று சொல்லவில்லை. என் பெண் டெபுடி கலெக்டர். விழுவதற்கா அவளைப் பெற்றேன்.

இன்றைக்கும் அவளைப் பார்க்க முடியவில்லை. மெட்ராஸ் ஆபீஸிலிருந்து அவள் வருவதற்குள் என் கடைசி பஸ் போய்விடுகிறது. கொடியில் அவள் புடவை காய்ந்துகொண்டிருந்தது. மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

17-10-99

மழை. படகு எதுவும் போகவில்லை. கண்ணகி பழைய வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். மருமகள் என்றாலும் வாய் திறந்தால் பத்துப் பேருக்குச் சமம், இன்று அவளும் பேசவில்லை.

30-10-99, சனி

புயல் ஒரிசாவில் ஏறிவிட்டதாம். டிவியில் காட்டினார்கள். தண்ணீர், தண்ணீர், நடுவில் ஒரு கூரை. கூரை மேல் ஆட்கள் இருந்தார்கள். கிட்டத்தில் காட்டவில்லை.

நாலு நாளாகக் கடல் ஒரு மாதிரி கொந்தளித்துக்கொண்டிருந்தது. இங்கே வரும் என்று வலை எல்லாம் எடுத்து மேட்டில் போட்டுவிட்டு எல்லாரும் பயந்து கிடந்தோம். சிங்காரம் டிவியைப் பார்த்து, "நம்மளுக்கு வர வேண்டியது அங்க பூட்ச்சுமா," என்றான். நாட்டார் எல்லப்பன்தான் எங்கள் பஞ்சாயத்துக்குத் தலை. அவர்கூட டிவி முன்னால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு நின்றார்.

1-11-99, திங்கள்

பேப்பரில் ஷீலா பெயர்.

டீக்கடையில் கண்ணகி பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள். காசு கொடுத்து வாங்கிவந்தேன். ஒரிசா மக்களுக்கு நம் கவர்மெண்டு அனுப்பும் அரிசி, துணி, மருந்து எல்லாவற்றுக்கும் ஒருங்கிணைப்பு அதிகாரி டி. ஷீலா. டி என்றால் தனக்கோட்டி, அவள் நைனா பெயர். மனுஷன் இருந்திருந்தால் இன்றைக்கு ஊரெல்லாம் பேப்பரோடு சுற்றியிருப்பார்.

ஒருங்கிணைப்பு. இந்த வார்த்தையை எழுத இரண்டு தடவை அடித்துத் திருத்தினேன். எல்லாரையும் ஒன்றாகச் சேர்க்கிற வேலை என்று டீக்கடைக்காரர் சொன்னார். சரிதான்.

3-11-99, புதன்

செங்கல்பட்டு போனேன். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில்தான் நம் பக்கத்து மூட்டையெல்லாம் சேர்க்கிறார்கள் என்று ஜெபகுமார் மாப்பிள்ளை போனில் சொல்லியிருந்தார். தூக்கில் நெத்திலிக் குழம்பும் சோறும் எடுத்துக்கொண்டேன். நான் அவளுக்குக் கொடுக்கலாம், அதற்குத் தடை இல்லை. அவள் எனக்குக் கொடுத்தால்தான் தடை. என்ன சட்டமோ.

உள்ளே கால் வைக்க இடம் இல்லை. ஒரு பக்கம் அரிசி. ஒரு பக்கம் மலை மாதிரி பழந்துணி. ஜனங்கள் நல்ல மனசோடுதான் கொடுக்கிறார்கள், ஆனால் கிழிந்தது, பொத்தான் போனது, ஒற்றைச் செருப்பு என்று அதுவும் இதுவும். கல்யாணப் பட்டுப்புடவை ஒன்றும் கிடந்தது. யாரோ அழுதுகொண்டே போட்டிருப்பாள். காலேஜ் பெண்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து பிரித்தேன்.

ஷீலா என்னைப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு காதில் போன், மறு கையால் லாரிக்காரனை நிறுத்துகிறாள். "துணி போதும். இனிமே துணி வேணாம். குடம், பக்கெட், தார்ப்பாய், பிளீச்சிங் பவுடர். ஏங்க, தண்ணிய எதுல பிடிப்பாங்க, புடவையிலயா?" என்று கத்தினாள். வேகன் நனைகிறது என்று ஒருவன் வந்தான். மருந்துப் பெட்டிக்கு ஐஸ் இல்லை என்று இன்னொருவன். எல்லாருக்கும் ஒரே பதில்தான், "சரி, நான் பார்க்கறேன்." எத்தனையைப் பார்ப்பாள்?

மத்தியானம்தான் என்னைக் கண்டாள். "மா, எப்ப வந்த?" நின்றுகொண்டே சாப்பிட்டாள். மூன்று கவளம் இருக்கும், மறுபடி போன். கை கழுவிக்கொண்டே யாரோ கொடுத்த டீயை என் பக்கம் நீட்டினாள். நீட்டிவிட்டு, ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் கை நீண்டதும் திரும்பினதும்... பஸ்ஸில் வரும்போது பூரா அதுதான்.

5-11-99, வெள்ளி

மீன்துறை சார் ஜீப்பில் வந்தார். ஒரிசாவில் ஊர் ஊராகத் தண்ணீர் சூழ்ந்து கிடக்கிறதாம். அரிசி ரயிலில் போய்ச் சேருகிறது, அங்கிருந்து ஜனங்களிடம் கொண்டுபோக வழி இல்லை. முகத்துவாரம், கழிமுகம் எல்லாம் மரமும் பிணமும் அடைத்துக் கிடக்கிறதாம். ஃபைபர் படகும் இஞ்சினும் ஓட்டத் தெரிந்த ஆளும் வேண்டும், நம் கடற்கரையிலிருந்து பல குப்பத்துப் படகுகள் லாரியில் போகின்றன என்றார். உங்கள் ஊரிலிருந்தும் வேண்டும் என்று ஆர்டரை நீட்டினார்.

கோயில் முன்னால் கூட்டம். நாட்டார் ஆர்டரைத் தொடவே இல்லை.

"சார், வேற ஊர்க் கடலுக்கு ஆள் வேணும்னா அம்மன் வாசல்ல வெத்தல பாக்கு வெச்சுக் கேக்கணும். காயிதத்துக்கு எங்க படகு வராது."

"அதுக்கென்ன, நான் வாங்கிட்டு வந்து வைக்கிறேன்," என்றார் அவர்.

"நீ சேதி கொணாந்தவன். கேக்கறது யாரு? ஆள இட்டுகினு போறது யாரு, பொயப்பு கெட்டா பதில் சொல்றது யாரு? அவங்க வரணும். இந்த வாசல்ல வந்து வெக்கணும்." சொல்லிவிட்டு ஊரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நாட்டார் மகன் தீனா மட்டும் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டான். அவனும் பேப்பர் பார்த்திருப்பான்.

சார் பாவம், ஆர்டரில் கீழே இருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். "கேக்கறது இவங்கதான். டி. ஷீலா."

ஒரு குழந்தை சிரித்தது, அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். "நாட்டாரே, நீங்கதான் சொன்னீங்க. வெத்தல வெக்கறவங்க வாசலுக்கு வரணும்னு. வரக் கூடாதுன்னதும் நீங்கதான். எது ஊர்ப் பேச்சு, சொல்லிப்புடுங்க, கேட்டுக்கறோம்."

"அண்ணி, நீ குந்து," என்றார். குரலில் கோபம் இல்லை. மாட்டிக்கொண்ட குரல்.

6-11-99

முடிவு ஆகவில்லை. ஒரு கட்சி, ஆள் அனுப்பக் கூடாது என்கிறது. இளவட்டங்கள் போயே ஆகணும் என்கிறார்கள். டிவியில் கூரை மேல் பார்த்த ஆட்கள் இப்போது என்ன ஆனார்களோ என்று தீனா தன் அப்பாவிடம் கேட்டானாம். அவர் சோறு சாப்பிடாமல் எழுந்துவிட்டாராம். கண்ணகி சொன்னாள்.

என் மனசில் ஓடுவதை இங்கேதான் எழுத முடியும். ஒரிசாவில் ஜனங்கள் செத்துக் கிடக்கிறார்கள். நான் நினைப்பதோ, இந்த சாக்கில் அவள் என் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிடுவாளா என்று. இப்படி ஒரு மனசா? இருக்கிறதே, என்ன செய்ய.

7-11-99, ஞாயிறு

தீபாவளி. அவள் எந்தத் தீபாவளிக்கும் வந்ததில்லை. இன்றைக்கு மட்டும் ஏன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

8-11-99, திங்கள்

வழி கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் ஊர் ஆம்பிளைகளின் மூளையை என்ன சொல்ல. அவள் ஊருக்குள் வரக் கூடாது, ஆனால் வாசலில் வெற்றிலை வைக்க வேண்டும். அதனால் வாசலையே ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அம்மன் விளக்கை எடுத்துவந்து மெயின்ரோட்டுப் புளியமரத்தடியில் வைத்து, நாட்டார், பஞ்சாயத்தார், ஊர் மொத்தமும் அங்கே போய் உட்கார்ந்தது. பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

காலையிலேயே நான் வீட்டைக் கழுவிவிட்டேன். வஞ்சிரம் கிடைக்காது என்று தெரிந்தும் மாமல்லபுரம் வரை போய்த் தேடி வாங்கிவந்து குழம்பு வைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை. கண்ணகி பார்த்தாள். அவளே இலையை அறுத்துக்கொண்டு வந்து வைத்தாள்.

ஜீப் வந்தது. ஷீலா இறங்கினாள். புடவைக் கரை சேறு. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து விளக்கின் முன் தட்டை வைத்தாள். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய். நிமிர்ந்து நின்றுதான் பேசினாள். தலை குனியவில்லை.

"ஒரிசாவுல நம்மள மாதிரி கரை ஜனங்க. படகும் போச்சு, வலையும் போச்சு, வூடும் போச்சு. கொண்டுபோன அரிசி ஸ்டேஷன்ல நிக்குது. உங்க ஆளுங்கள என்கூட அனுப்புங்க. திருப்பிக் கொண்டாந்து விடறது என் பொறுப்பு."

வூடு என்றாள். இத்தனை வருஷம் ஆபீஸ் பேச்சுப் பேசியும் அந்த ஒரு சொல் அப்படியே இருக்கிறது.

நாட்டார் அவள் முகத்தைப் பார்க்காமல் தட்டைத் தொட்டு எடுத்தார். முடிந்தது. சிங்காரம், தீனா, இன்னும் ஆறு பேர் முன்னால் வந்தார்கள். நாட்டார் அவர்களைப் பார்த்து, "போயி நல்லா வேல செய்யுங்க. ஆனா ஊர்ப் பேச்சு ஊர்ப் பேச்சுதான். அவங்க கையால ஒரு வா தண்ணி கூடாது. ஸ்டவ்வு, அரிசி, கருவாடு எல்லாம் எடுத்துகினு போங்க, தனியா ஆக்கித் துன்னுங்க," என்றார். ஷீலா காதில் விழும்படிதான் சொன்னார்.

"சரி," என்றான் சிங்காரம். கூடப் பிறந்தவன். அக்காவைப் பார்க்கவே இல்லை.

ஷீலா என்னிடம் வந்தாள். "மா, பிரஷர் மாத்திரை போடறியா?" போடுகிறேன் என்றேன். "அனுவ அப்பப்போ போய்ப் பாத்துக்கம்மா. அவருக்கு ஷிஃப்ட்." பார்க்கிறேன் என்றேன். அவ்வளவுதான். புளியமரத்திலிருந்து எங்கள் வீட்டு ஓடு தெரிகிறது. அவளும் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

குழம்பைத் தூக்கில் போட்டு ரோட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம், செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகவில்லையா. இன்று மனசு வரவில்லை. வீடு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது ரோட்டில் வைத்துச் சோறு கொடுக்க நான் என்ன பிச்சையா போடுகிறேன் என்று வீம்பு. ஜீப் போன பிறகுதான் தோன்றியது, அவள் உதடு காய்ந்திருந்தது. சாப்பிட்டிருக்க மாட்டாள்.

குழம்பை யாரும் தொடவில்லை. இலை சுருண்டுபோய்க் கிடக்கிறது.

9-11-99

படகுகள் லாரியில் ஏறிப் போயின. கடலில் போகிற படகு ரோட்டில் போவதைப் பார்க்க என்னவோ போல் இருந்தது. ஷீலா ரயிலில் முன்னாலேயே போய்விட்டாள்.

கண்ணகி அழவில்லை. "உம் மவ இட்டுகினு போயிருக்கா, அவளே கொணாந்து வுடுவா," என்றாள். முதல் தடவையாக அவள் வாயிலிருந்து உம் மவ என்று நல்லபடியாக வந்தது.

15-11-99

போன் இல்லை. அந்தப் பக்கம் லைனே கிடையாதாம். எஸ்டிடி பூத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். பூத்காரர், "ஆயா, வந்தா நானே ஆள் அனுப்பறேன், வூட்டுக்குப் போ," என்கிறார். வீட்டில் உட்கார்ந்தாலும் காது அங்கேதானே இருக்கிறது.

20-11-99, சனி

டவுன்ஷிப்பில் இருந்தேன். மாப்பிள்ளைக்கு டூட்டி. அனுவுக்குச் சமைத்துக் கொடுத்தேன். ஷீலாவின் அடுப்பு, ஷீலாவின் மிளகாய்த்தூள், அவள் கையெழுத்தில் டப்பா மேல் ஒட்டிய சீட்டு. மல்லி, சீரகம், கடுகு என்று. அவள் கை பட்ட டப்பா. நான் ஆக்கினால் அது என் கைச்சோறா, அவள் கைச்சோறா? எல்லப்பனைக் கூட்டிவந்து கேட்க வேண்டும்.

அனு தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீ சாப்பிடலையா?" பசி இல்லை என்றேன். சோற்று உருண்டை ஒன்றை என் வாய்க்கு நேராக நீட்டினாள். "எங்கம்மா கையால வாங்கக் கூடாது, அவ்ளோதானே? அப்பா சொல்லிட்டார். இது என் கை."

வாங்கிவிட்டேன். பஞ்சாயத்தில் இந்தக் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் அவளைப் பற்றியே பேசினோம். அம்மா வரும்போது தலைக்கு எண்ணெய் வைத்துவிடணும் என்றாள் அனு. யாருக்கு யார் வைப்பது என்று கேட்டேன். "நீ அம்மாவுக்கு வை. அம்மா எனக்கு வைக்கட்டும்." அப்படி உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன்.

27-11-99

சிங்காரம் பேசினான். புவனேஸ்வரத்துக்கு மருந்து எடுக்க வந்தானாம், அங்கிருந்து போன்.

தென்னைமரமெல்லாம் தலை இல்லாமல் நிற்கிறதாம். மாடு, மனுஷன் எல்லாம் மிதந்ததை முதல் வாரம் பூரா ஒதுக்கி ஒதுக்கித்தான் படகு விட்டார்களாம். சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

"இன்னாடா?"

"யம்மா, யார்கிட்டயும் சொல்லாத. அக்கா கையாலதான் துன்னுகினு கீறோம்."

முதல் நாளே ஒரு ஊருக்குள் படகு விட்டார்களாம். மார் அளவு தண்ணீரில் ஜனங்கள் படகைச் சுற்றிக்கொண்டார்கள். கொண்டுபோன கவர்மெண்டு அரிசி தீர்ந்துபோச்சு. இன்னும் கை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். தீனாதான் தங்கள் சொந்த அரிசிச் சாக்கை அவிழ்த்தானாம். கருவாடு, ஸ்டவ் வரைக்கும் கொடுத்துவிட்டுக் கரைக்கு வந்தார்கள். அன்றைக்கும் மறுநாளும் எட்டுப் பேரும் பட்டினி. ஷீலாவிடம் யாரும் சொல்லவில்லை. ஸ்டவ் எரியவில்லை என்பதை அவளே பார்த்துவிட்டு, கேம்ப் சமையலில் எட்டுத் தட்டு போட்டுக் கொண்டுவந்து கீழே வைத்துவிட்டு, "ஊர்ல கேட்டா நான் பலவந்தம் பண்ணேன்னு சொல்லுங்க," என்று திரும்பி நின்றுகொண்டாளாம்.

"யாருடா மொதல்ல எடுத்தது?"

"தீனா. அப்புறம் நானு. அக்கா அழுதுதுமா. நான் பாக்கல, தோளு ஆடிச்சு."

அவளுக்கு எப்படி இருக்கிறது உடம்பு என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

2-12-99

யார்கிட்டேயும் சொல்லாதே என்றான். சொல்லவில்லை. கண்ணகியிடம் மட்டும் சொன்னேன். அதனால் ஊருக்கே தெரிந்திருக்கும்.

12-12-99, ஞாயிறு

எல்லாரும் வந்துவிட்டார்கள். கருத்து, தாடி வளர்ந்து. சிங்காரத்தைக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தேன். அவன், "அக்கா வரலமா. அங்க வூடு கட்ற வேல ஆரம்பிச்சுட்டாங்க, முடிச்சுட்டுத்தான் வரும்," என்றான். பேச்சுக்குப் பேச்சு அக்கா என்கிறான். மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டு போன மற்ற ஏழு பேரும் அப்படியே.

13-12-99, திங்கள்

கோயில் முன்னால் பஞ்சாயத்து. நாட்டார் குரலை ஏற்றிக் கேட்டார், "அவ கையால துன்னவன் யாரோ, ஏந்திரு."

எட்டுப் பேரும் எழுந்தார்கள். முதலில் எழுந்தது அவர் பிள்ளை.

"நைனா, அபராதம் போடு, கட்றோம். படக நிறுத்தறியா, நிறுத்து. ஆனா அக்கா அடுத்த தபா கூப்ட்டாலும் போவோம்," என்றான் தீனா. பிறகு கண்ணகி எழுந்தாள். "எம் புருசன் துன்னா நான் துன்ன மாதிரி." இன்னும் இரண்டு பெண்டாட்டிகள் எழுந்தார்கள். ஒருத்தனின் கிழட்டு அப்பா கோலை ஊன்றிக்கொண்டு எழுந்தார். அவர் ஏன் எழுந்தார் என்று அவருக்கே தெரியுமோ என்னவோ.

நான் உட்கார்ந்தே இருந்தேன். நான் அவள் கையால் வாங்கியதில்லை. பெற்றும் வாங்காமல் இருந்தவள் அந்தக் கூட்டத்தில் நான்தான்.

நாட்டார் ரொம்ப நேரம் துண்டை மடித்தார், பிரித்தார். "இத்தினி பேர் ஏந்து நின்னா நான் யார உக்கார வெக்கறது," என்றார் கடைசியில். யாரோ சிரித்தார்கள். "மழ வர்ற மாதிரி கீது. போயி வேலையப் பாருங்க."

அவ்வளவுதான். அபராதமும் இல்லை, நீக்கினோம் என்ற பேச்சும் இல்லை.

14-12-99

நாட்டார் நம் வீட்டு வழியாகப் போனவர் நின்றார். "அண்ணி, ஷீலா எப்ப வருது?"

அவள் கல்யாணத்துக்கு அப்புறம் அவர் வாயில் அந்தப் பெயர் வந்தது இன்றைக்குத்தான். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

25-12-99

கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை. அனு சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போன கவுனோடு வந்து என்னிடம் காட்டினாள். இப்போது ஊருக்குள்ளேயே வருகிறாள், யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சிங்காரத்தின் படகில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். பார்க்க நன்றாக இருந்தது. பார்க்கப் பார்க்க இன்னொரு ஆள் இல்லாதது பெரிதாகிக்கொண்டே போனது.

2-1-2000, ஞாயிறு

வருஷம் பிறந்துவிட்டது. ஷீலா பேசினாள். லைன் தெளிவாக இருந்தது, பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி.

நான் ஊர்க் கதையெல்லாம் சொன்னேன். எட்டுப் பேர் எழுந்து நின்றதைச் சொன்னேன். சிரித்தாள். "இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா, நீ வரலாம்," என்றேன்.

மெதுவாக, "அவங்க வரலாம்னா வரணும், கூடாதுன்னா வெளிய நிக்கணும். அப்படித்தானம்மா?" என்றாள்.

என் வயிற்றில் பிறந்தது என் மாதிரிதானே பேசும். பஞ்சாயத்துதான் வழி அடைத்தது என்று இத்தனை வருஷம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அவளுக்கும் ஒரு மனசு இருக்கிறது, அதைக் கேட்டேனா?

"அவங்க கெடக்கறாங்க," என்றேன். "எறா நல்லா படுது இப்ப."

"ம்," என்றாள்.

போனை வைத்த பிறகு பூத்காரர் காசு வாங்கவில்லை. ஒரிசா போனுக்கு வாங்க மாட்டாராம். சண்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

15-1-2000

பொங்கல். பால் பொங்கியது. எல்லாரும் கத்தினார்கள். நானும்.

19-1-2000

அவள் வந்தால் ஆக்க என்று எறா வாங்குகிறேன், உரிக்கிறேன், கண்ணகி பிள்ளைகள் தின்றுவிடுகின்றன. மறுநாள் மறுபடி வாங்குகிறேன். இனிமேல் வாங்கக் கூடாது என்று நினைக்கிறேன். காலையில் கால் தானாகக் கரைக்குப் போகிறது.

23-1-2000, ஞாயிறு

பின்பக்கம் உட்கார்ந்து எறா உரித்துக்கொண்டிருந்தேன். "மா" என்று குரல். கண்ணகி பெண் என்று நினைத்து, "இருடி, வரேன்," என்றேன். மறுபடி "மா".

ஜீப் இல்லை. சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்து, மெயின்ரோட்டிலிருந்து தனியாக நடந்தே வந்திருக்கிறாள். கையில் ஒரு பை. பாதி ஆகிவிட்டாள். தலையில் நரை. கை பூரா எறா வாடையாக இருந்ததால் என்னால் தொட முடியவில்லை, அவளே வந்து என் தோளில் முகத்தை வைத்தாள்.

"கொஞ்சம் படுத்துக்கறேம்மா. எழுப்பாத."

பாய் போட்டேன். தலையணை கேட்கவில்லை. படுத்ததும் தூங்கிவிட்டாள்.

அரைமணி ஆகவில்லை, வாசலில் கூட்டம். நாட்டார் புதுத் துண்டு, தேங்காய்த் தட்டு, பின்னால் பஞ்சாயத்தார், தீனா, ஊர்ப் பெண்கள். அம்மன் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போய் மரியாதை செய்ய வேண்டுமாம்.

நான் வாசல்படியில் உட்கார்ந்துகொண்டேன். "தூங்குது."

"எழுப்பேன் அண்ணி. ஊரே வந்துகீது."

"அப்புறம் வாங்க."

"எப்போ?"

"அது எழுந்தா சொல்றேன்."

நாட்டார் என்னைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்க்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். தட்டைத் தீனாவிடம் கொடுத்துவிட்டு, "சத்தம் போடாம போங்கடா," என்று எல்லாரையும் திருப்பிக்கொண்டு போனார்.

வாசல்படியிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வெயில் உள்ளே வருகிறது, கதவைப் பாதி சாத்தியிருக்கிறேன். ஷீலா குறட்டை விடுகிறாள். எந்த வயசிலிருந்து விடுகிறாள் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையைக் கேட்க வேண்டும்.